மூன்றாவது கர்டர்

1

எங்கள் நகர நூலகத்துக்கு எதிரே ஒரு கட்டடம் எழும்புகிறது. கீழே கடைகள், மேலே அலுவலகங்கள் என்று பலகை சொல்கிறது. பணி ஓய்வு பெற்றவனுக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு இந்த வட இங்கிலாந்து ஊரில் கிடையாது. செய்தித்தாள் படித்துவிட்டு வெளியே வந்து, மரத்தடுப்பில் அவர்களே வெட்டி வைத்திருக்கும் சதுர ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்பேன். என்னைப் போன்ற கிழவர்களுக்காகத்தான் அந்த ஓட்டை. அப்படி வைக்க வேண்டும் என்று விதி ஏதும் இல்லை. இருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

சென்ற வாரம் இரும்பு உத்தரங்களின் முதுகில் ஆணிகளைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள். கட்டைவிரல் பருமன், தலை தடித்தவை. துப்பாக்கி போன்ற ஒரு கருவியை வைத்து அழுத்தினால் ஒரு வெளிச்சம்; ஆணி நின்றுவிடும். பிறகு அதன்மேல் கான்கிரீட் ஊற்றுவார்கள். ஊற்றியபின் அந்த ஆணிகளை உலகம் முடிகிறவரை யாரும் பார்க்கப்போவதில்லை. அதனால்தான் ஊற்றுவதற்கு முன் ஒருவர் வந்து, பார்த்து, கையெழுத்துப் போட வேண்டும். இந்த நகரசபையில் பல வருடம் அந்த ஒருவர் நான்தான்.

தலைக்கவசம் போட்ட இளைஞன் ஒருவன் வந்து, "ஐயா, வழி தவறிவிட்டதா?" என்று மரியாதையாகக் கேட்டான்.

"இல்லை. அதோ அந்த உத்தரத்தின் கோடியில் ஓர் ஆணி விட்டுப்போயிருக்கிறது" என்றேன்.

அவன் உத்தரத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். பிறகு குரலைத் தணித்து, "வீட்டில் யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டான்.

வீட்டில் மனைவி இருந்தாள். சமையலறை நாட்காட்டியில் கார்த்திகை தீபத்துக்கு வட்டம் போட்டு வைத்திருந்தாள். வட்டத்தைப் பார்த்ததும் என் தம்பியின் மூன்றாவது கர்டர் ஞாபகம் வந்தது. வருடாவருடம் வரும். சளி பிடிப்பதுபோல.

2

இந்தத் தொழில் தெரியாதவர்கள் வீட்டுப் பஞ்சாங்கத்தை எடுத்து இரண்டு கையாலும் வளைத்துப் பாருங்கள். சுலபமாக வளையும். தாள்கள் ஒன்றின்மேல் ஒன்று நழுவுவதுதான் காரணம். அதே தாள்களைப் பசை தடவி ஒட்டிக் காயவைத்து வளைத்தால் பலகைபோல விறைத்து நிற்கும். இரும்பு உத்தரமும் அதன்மேல் கிடக்கும் கான்கிரீட் தளமும் இப்படித்தான். சும்மா ஒன்றின்மேல் ஒன்று படுத்திருந்தால் இரண்டும் தனித்தனியாக வளையும். நடுவில் ஆணி இருந்தால் நழுவ முடியாது; இரண்டும் ஒரே உடம்பாகச் சுமக்கும். பலம் பல மடங்கு கூடும். குடும்பத்துக்கும் இது பொருந்தும் என்று சொல்ல ஆசைப்படுகிறவர்கள் சொல்லிக்கொள்ளலாம். நான் பொறியாளன்.

திருவண்ணாமலையில் பிறந்து, கிண்டியில் படித்து, அறுபதுகளில் இங்கே வந்தேன். இங்கே வந்த முதல் வாரத்தில் என் இனிஷியலை விரிக்கச் சொன்னார்கள். விரித்தேன். அப்பா பெயர் எந்தக் கட்டத்தில் விழுந்ததோ, ஓய்வு பெறுகிறவரை அலுவலகத்தில் எல்லோரும் என்னை மிஸ்டர் அருணாசலம் என்றே கூப்பிட்டார்கள். அப்பா திருவண்ணாமலையைத் தாண்டி வேலூர் வரைதான் போனவர். அவர் பெயரில் நான் இங்கிலாந்தில் எத்தனையோ கட்டடங்களை நிறுத்தி வைத்தேன், சிலவற்றை இடிக்கச் சொன்னேன். திருத்த ஒரு படிவம் உண்டு. அதை நிரப்பினால் இன்னொரு படிவம் வரும் என்று தெரிந்ததால் நிரப்பவில்லை.

தம்பி தண்டபாணி ஊரிலேயே இருந்தான். தேரடி வீதியில் பாத்திரக் கடை. எழுபதுகளின் கடைசியில், செங்கம் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், சின்னதாகக் கல்யாண ஹால் கட்ட இறங்கினான். நடுவில் தூணே இருக்கக் கூடாது என்பது அவன் ஆசை. ஆயிரங்கால் மண்டபம் இருக்கிற ஊரில் ஒருவனுக்கு இப்படி ஆசை வருவதில் நியாயம் இருக்கிறது. மெட்ராஸ் பழைய இரும்புக் கடையிலிருந்து மூன்று கர்டர், அதே இரும்பு உத்தரம்தான், லாரியில் வந்தது. சுவருக்குச் சுவர் அவற்றைப் போட்டு, மேலே கான்கிரீட் தளம். நான் இங்கிருந்து விமானத் தபாலில் படம் வரைந்து அனுப்பினேன்: ஒவ்வொரு கர்டரின் முதுகிலும் இரும்புத் துண்டுகளை இன்ன இடைவெளியில் நிற்கவைத்துப் பற்றவைக்க வேண்டும். மேஸ்திரி கண்ணுசாமி அவற்றுக்குக் கொம்பு என்று பெயர் வைத்தார். நான் வைத்திருந்த பெயரைவிட நல்ல பெயர்.

3

ஹால் முடிந்த வருடம், தீபத்துக்குச் சில நாள் முன்னதாக ஊருக்குப் போனோம். நானும் மனைவியும் மகள் உமாவும். உமாவுக்கு அப்போது பதினாறு வயது. ஊரில் எல்லோரும் அவளிடம் தமிழில் கேட்டார்கள். அவள் எல்லோருக்கும் சிரிப்பில் பதில் சொன்னாள்.

தண்டபாணி என்னை ஹாலின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினான். "பாருண்ணா. ஒரே ஒரு தூண் காட்டு பாக்கலாம்."

நான் தூணைத் தேடவில்லை. "கான்கிரீட் போடறதுக்கு முன்னாடி கொம்பையெல்லாம் யார் வந்து பாத்தது?"

"யாரு பாக்கணும்? எதிர்லயே மலை கீது. அது பாத்துச்சி."

கண்ணுசாமி மேஸ்திரியும் கூட இருந்தார். "சார் படத்துல போட்டாப்லயே வெச்சோம் சார். மொத ரெண்டு கர்டர்ல ஒரு கொம்பு கம்மியா இருந்தா என் பேரை மாத்திக்கறேன்."

"மூணாவதுல?"

மேஸ்திரி என் தம்பியைப் பார்த்தார். தம்பி கூரையைப் பார்த்தான். கதையைச் சொன்னது தம்பி மனைவி சுலோச்சனா. அவளுக்கு அது தமாஷான கதை.

"அன்னிக்கு நடந்த கூத்து உங்களுக்குத் தெரியாதில்ல மாமா? வெல்டிங்காரன் ரெண்டை முடிச்சிட்டு மூணாவதுல ஏறி உக்காந்தான், கரெண்டு போய்டுச்சி. பத்தரைக்குள்ள முகூர்த்தம். அப்பால ராகு காலம். ஜல்லி கலக்கிக் கொட்டியாச்சி, ஆளுங்க சட்டியோட வரிசையா நிக்கறாங்க, ஐயரு மணியாட்டறாரு. இன்னா பண்றது சொல்லுங்க?"

"நிறுத்தறது" என்றேன்.

"நல்ல நேரத்தையா?" என்று சிரித்தாள்.

கொம்பு வைப்பதையும் கான்கிரீட்டையும் தெருப்பக்கம் ஆரம்பித்து மலைப்பக்கமாகச் செய்திருக்கிறார்கள். ஆகவே கொம்பில்லாத கர்டர் மலைப்பக்கத்துக் கர்டர். அதன் முதுகில் எண்ணெய் தேய்த்து, மஞ்சள் குங்குமம் வைத்து, மாலையும் போட்டிருக்கிறார்கள். மரியாதையில் குறை வைக்கவில்லை.

"மூணுல ரெண்டு கொம்போட கீது இல்ல? பாஸ் மார்க்குண்ணா" என்றான் தண்டபாணி.

4

வருடத்தில் மற்ற நாளெல்லாம் அந்த மாடியில் மிளகாய் காயும், வடாம் காயும், துணி காயும். மூன்றாவது கர்டர் தன் தலைமேல் கிடக்கும் தளத்தையும் இவற்றையும் வெறும் இரும்பாக இருந்தே தாங்கிவிடும். ஒரு நாள் மட்டும் கணக்கு வேறு. தீபத்தன்று சாயங்காலம் ஊரில் ஒரு மொட்டைமாடிகூடக் காலியாக இருக்காது. உறவுக்காரர்கள், உறவுக்காரர்களின் உறவுக்காரர்கள், யார் என்றே தெரியாதவர்கள், எல்லோரும் ஏறுவார்கள். ஏறியவர்கள் பரவலாக நிற்கவும் மாட்டார்கள். எல்லோரும் மலைப்பக்கச் சுவரை நெருக்கிக்கொண்டு, ஒருவர் தோள்மேல் ஒருவர் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நான் வைத்து வேலை பார்த்த விதிப்புத்தகத்தில் பள்ளிக்கூடத்துக்கு இவ்வளவு சுமை, நாட்டியக் கூடத்துக்கு இவ்வளவு என்று பட்டியல் உண்டு. தீபம் பார்க்கிற மாடிக்கு இல்லை.

தண்டபாணியிடம் இரண்டு வழி சொன்னேன். யாரும் மேலே ஏறக் கூடாது. ஏறினால், மூன்றாவது கர்டருக்குக் கீழே சவுக்குக் கம்பு வைத்து முட்டுக் கொடுக்க வேண்டும்.

"ஹால் நடுவுல முட்டா? ஆரணியிலேர்ந்து பையன் வீட்டாருங்க அன்னிக்குதான் வர்றாங்க. என் பொண்ணையும் பாக்க, ஹாலையும் பாக்க. முட்டுக் குடுத்த வீட்ல எவன்ணா பொண்ணெடுப்பான்?"

"அப்ப மேலே யாரையும் ஏத்தாதே."

"தீபத்துக்கு வந்தவங்களைக் கீழயே நிறுத்தி, சோறு தின்னுட்டுப் போங்கன்றதா? நீ அங்கயே இருந்து இருந்து இன்னா ஆயிட்டேண்ணா? சரி, நேராக் கேக்கறேன். விழும்னு சொல்றியா?"

"சொல்லலை."

"விழாதுன்னு சொல்றியா?"

"சொல்ல முடியலை."

"அப்ப இன்னாதான் சொல்ற? இதுக்கா அங்க இத்தினி வருசம் சம்பளம் குடுத்தாங்க?"

இதற்குத்தான் கொடுத்தார்கள். விழாது என்று சொல்ல முடியாத இடத்தில் மஞ்சள் நோட்டீஸ் ஒட்டுவதுதான் என் வேலையாக இருந்தது. ஒட்டிய மறு நிமிடம் அந்தக் கதவைத் திறப்பது குற்றம்.

மறுநாள், தம்பிக்குத் தெரியாமல், கட்டடங்களுக்கு அனுமதி கொடுக்கும் அலுவலகத்துக்குப் போனேன். எது என்று சொல்லப்போவதில்லை. இந்தியாவிலும் நடைமுறை எனக்குத் தெரியும்: மனு, அதன்மேல் ஒட்ட முத்திரை வில்லை, இன்னார் பார்வைக்கு. அங்கிருந்தவர் நல்ல மனிதர். கோப்பை எடுத்துத் தூசி தட்டி நெடுநேரம் படித்தார்.

"சார், அந்த எடத்துல ஹாலே இல்லியே. ஓட்டுக் கொட்டகைதான் கீது."

"அது பிளான்ல. நான் சொல்றது கட்டியிருக்கிறதை."

"ஓட்டுக் கொட்டகை மேல யாரு சார் ஏறப்போறாங்க?" என்று ஆறுதலாகச் சொல்லிவிட்டு, காப்பி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். சாப்பிட்டேன். நல்ல காப்பி.

5

தீபத்தன்று காலையில் சமையல்காரர்கள் ஹாலுக்குப் பின்னால் அடுப்பு மூட்டிவிட்டார்கள். மத்தியானம் ஆரணிக்காரர்கள் வேனில் வந்து இறங்கினார்கள். பையனின் அப்பா பட்டு வியாபாரி. நடுவில் தூண் இல்லாததை அண்ணாந்து பார்த்துத் தலையாட்டினார். தண்டபாணியின் முகம் மலர்ந்தது.

மாடிப்படியின் அடியில் ஓர் இரும்புக் கிரில் கதவு உண்டு. எல்லோரும் வெயிலுக்கு அயர்ந்திருந்த நேரம் பார்த்து அதைப் பூட்டினேன். பூட்டு ஹாலுடையது. சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சுலோச்சனாவிடம் மட்டும், "மாடியைப் பூட்டியிருக்கேன். யாரும் ஏற வேண்டாம். நான் மலை சுத்திட்டு வரேன்" என்றேன்.

"மாமா, சாவி?" என்று அவள் கேட்டபோது நான் வாசல் தாண்டியிருந்தேன்.

அங்கேயே இருந்திருந்தால் சாவியைக் கொடுத்துவிடுவேன். அது எனக்கு நன்றாகத் தெரியும். பெண்ணின் பெரியப்பாவாகிய நான் ஆரணிக்காரர் முன்னால் எவ்வளவு நேரம் முறைத்துக்கொண்டு நிற்பது? அலுவலகத்தில் நோட்டீஸ் ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம். இங்கே போவதற்கு வீடு இல்லாததால் மலையைச் சுற்றப் போனேன்.

செங்கம் சாலை முழுக்க ஜனம். நடக்க வேண்டிய அவசியமே இல்லை. பின்னால் வருகிறவர்கள் தள்ளிக்கொண்டு போனார்கள். செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு போன ஒரு வெள்ளைக்காரர் என்னிடம் ஆங்கிலத்தில், இந்த ஊருக்கு முதல் முறையா என்று கேட்டார். ஆமாம் என்றேன். விளக்கம் சொல்ல நேரமாகும்.

அடி அண்ணாமலை போய்ச் சேர்ந்தபோது இருட்டத் தொடங்கியது. கூட்டம் அப்படியே நின்று மலையுச்சியைப் பார்த்தது. தீபம் ஏறியதும் சுற்றிலும் அரோகரா என்ற சத்தம் எழுந்தது. என் பக்கத்தில் கைக்குழந்தையோடு இருந்த பெண் அழுதாள். நான் சத்தம் அடங்கக் காத்திருந்து, ஊர்ப்பக்கம் காது கொடுத்தேன். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு தளம் உள்வாங்கினால் இந்தப் பக்கம் கேட்காது. அதுவும் தெரியும். இருந்தாலும் கேட்டுக்கொண்டிருந்தேன். பயமாக இருந்ததா என்றால், இல்லை. உமா ஞாபகம் வந்ததா என்றால், வந்தது. அதுவும் யாரோ வீட்டுப் பெண் மாதிரி தூரத்தில் வந்தது. கால் மட்டும் நடந்துகொண்டிருந்தது. சட்டைப் பையில் சாவி நடைக்குத் தகுந்தபடி ஆடிக்கொண்டிருந்தது.

6

ஹாலுக்குத் திரும்பியபோது கிரில் கதவு திறந்து கிடந்தது. பூட்டு உடைந்து கொக்கியில் தொங்கியது. படியில் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் இடித்துக்கொண்டிருந்தார்கள். கூரைமேல் திமுதிமுவென்று காலடிச் சத்தம். எல்லாம் மலைப்பக்கம்.

உள்ளே பந்தி நடந்துகொண்டிருந்தது. நுழைந்ததும் ஏதோ தப்பாக இருப்பதுபோல் பட்டது. வாசலில் கட்ட வேண்டிய வாழைமரங்கள் வாசலில் இல்லை. ஹாலுக்குள், மூன்றாவது கர்டருக்கு நேர் கீழே, சுவருக்குச் சுவர் ஒரே வரிசையில், குலையும் பூவுமாக நான்கு வாழைமரங்கள் நின்றன. இலைகள் கர்டரில் முட்டி மடங்கியிருந்தன.

அருகில் போய் ஒரு மரத்தைத் தொட்டேன். வாழைப்பட்டைக்கு உள்ளே என் தொடைப் பருமன் சவுக்குக் கம்பு. மேலே கர்டரின் வயிற்றில் பலகை கொடுத்திருந்தது. அடியில், மாக்கோலத்தின் மேலேயே, இரண்டு பக்கமும் மர ஆப்பு. கண்ணுசாமியின் கைவேலை. பட்டைகளை நார்க்கயிற்றால் சுற்றி, கயிறு தெரியாமல் மாவிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள்.

ஆரணிக்காரர் இலையில் பாயசம் வாங்கிக்கொண்டு தம்பியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஹால் நடுவுல வாழை கட்டறது எங்க பக்கம் கெடையாதுங்க. லட்சணமாத்தான் கீது."

"தீபத்தன்னிக்கு எங்க ஊர் வழக்கம்ங்க" என்றான் தண்டபாணி. கண்கூட இமைக்கவில்லை.

அப்புறம் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். கை வைத்திருந்த மரம் இலேசாக அசைந்தது. மேலே ஒரு கூட்டம் இறங்கி அடுத்த கூட்டம் ஏறுகிற நேரம். கர்டர் கொஞ்சம் நிமிர்ந்து, ஆப்பு தளர்ந்திருக்கிறது. அப்படியே விட்டால் அடுத்த கூட்டத்தின் பாரம் இந்தக் கம்புக்கு வராது. வேட்டியை மடித்துக்கொண்டு, பந்தி நடுவில், இரண்டு இலைகளுக்கிடையே குந்தினேன்.

என் தோள்மேல் ஒரு கை ஒரு சுத்தியலை நீட்டியது. அதன் முகப்பில், பூட்டை உடைத்த பித்தளைக் கீறல் புதிதாக மின்னியது.

"ரெண்டு தட்டு தட்டினா போதுமாண்ணா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டான் தண்டபாணி.

"மூணு."

தட்டினேன். முதல் இரண்டும் பொத்தென்று விழுந்தன. மூன்றாவது தட்டுக்குக் கம்பு கணீரென்றது. பாரம் வந்துவிட்டது. அடுத்த மரத்துக்குப் போனேன். சாப்பிடுகிறவர்கள் இலையோடு நகர்ந்து வழி விட்டார்கள்.

"இதுவும் வழக்கமுங்களா?" என்று ஆரணிக்காரர் கேட்டார்.

"ஆமாங்க. வீட்டுக்கு மூத்தவங்கதான் தட்டணும்" என்றான் என் தம்பி.

நான்காவது மரத்தில் இருந்தபோது உமா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். நெற்றியில் யாரோ விபூதி பூசியிருந்தார்கள். ஆரணிக்காரருக்குச் சித்தப்பா அந்த வழக்கத்தை விளக்குவதைக் கேட்டுக்கொண்டு, நான் தட்டுவதைக் கடைசிவரை பார்த்தாள். பிறகு, "அப்பா, மேலே இருந்து ரொம்ப நல்லா தெரிஞ்சுது. நீங்க மிஸ் பண்ணிட்டீங்க" என்றாள்.

7

ஆரணிச் சம்பந்தம் அமைந்தது. தம்பி மகளுக்கு இப்போது இரண்டு குழந்தைகள். மூன்றாவது கர்டருக்கு இன்னும் கொம்பு இல்லை. தளத்தைக் கொத்திச் சரிசெய்ய வழி இருக்கிறது என்று எழுதினேன். "வருசத்துக்கு நாலு வாழைமரம் போதும்ணா" என்று அவன் பதில் எழுதினான். சவுக்குக் கம்பைப் பற்றி அவனும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. இங்கே தீபத்தன்று மத்தியானம் சாப்பிடும் நேரம்தான் அங்கே தீபம் ஏற்றும் நேரம். அன்று தொலைபேசி ஒலிக்காமல் இருந்தால் போதும் என்று இருப்பேன். இதுவரை ஒலித்ததில்லை.

இந்த வருடம் ஒலித்தது. உமா.

அவள் இப்போது வேறு ஊரில் தொடக்கப்பள்ளி ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமை பேசுவாள், வானிலையும் உடம்பும். தமிழில் தொடங்குவாள், இரண்டாவது வாக்கியத்தில் ஆங்கிலத்துக்கு இறங்கிவிடுவாள். அன்று ஞாயிறு இல்லை.

வகுப்பில் மற்ற நாட்டுப் பண்டிகைகளைப் பற்றிப் பாடமாம். திருவண்ணாமலைத் தீபத்தைப் பற்றி இவள் சொல்லியிருக்கிறாள். பிள்ளைகள் பச்சைக் காகிதத்தில் நான்கு வாழைமரம் செய்து, வகுப்பறையின் நடுவில், ஒரே வரிசையில் நிறுத்தியிருக்கிறார்களாம். வகுப்பிலேயே வயதில் மூத்த பெண் மரச் சுத்தியலால் ஒவ்வொரு மரத்தின் அடியிலும் தட்டினாளாம்.

"சரிதானேப்பா? நம்ம ஊர்ல அப்படித்தானே?" என்று தமிழிலேயே கேட்டாள்.

அறைக்கு அந்தப் பக்கம் மனைவி, என்ன ஆயிற்று என்று கையால் கேட்டாள். ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன்.

"சரிதான்" என்றேன். "எத்தனை தட்டு?"

"ரெண்டு."

"ரெண்டு பத்தாது" என்றேன். "மூணு தட்டச் சொல்லு."